கார் இல்லாமல் நகர வாழ்க்கை: எந்த அமெரிக்க ஊரைத் தேர்ந்தெடுப்பது?

புது கார் ஒன்றை வைத்து ஓட்ட ஆண்டுக்கு 11,577 டாலர் ஆகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2025-இல் போட்ட கணக்கு இது. தேய்மானம், இன்ஷூரன்ஸ், பெட்ரோல், பழுது, பதிவுக் கட்டணம், கடன் வட்டி எல்லாம் இதில் அடக்கம், பார்க்கிங் சேராது. மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 965 டாலர். நியூயார்க் வாடகையைக் கேட்டுத் தலைசுற்றிப் போகிறவர்கள் இந்த 965-ஐ மறுபக்கத் தட்டில் வைப்பதே இல்லை. தம்பதி இருவரும் வேலைக்குப் போய், ஆளுக்கொரு கார் தேவைப்படும் ஊராக இருந்தால் அந்தத் தட்டு இன்னும் கனக்கும்.

வேலை மாற்றமோ மேற்படிப்போ வந்து, இரண்டு மூன்று ஊர்களுக்கு நடுவே முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இந்த ஒப்பீடு. அளவுகோல் ஒன்றே ஒன்று: வேலை, மளிகை, டாக்டர், பூங்கா, இரவுச் சாப்பாடு எல்லாவற்றையும் நடந்தோ ரயில் பஸ்ஸிலோ முடிக்க முடியுமா, அதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பது. மக்கள்தொகைப்படி ஹூஸ்டனும் ஃபீனிக்ஸும் டல்லஸும் பெரிய ஊர்கள்தான். ஆனால் பால் வாங்கவும் காரை எடுக்க வேண்டியிருக்கும் இடங்கள் அங்கே அதிகம் என்பதால் அவை இங்கே இல்லை. பாஸ்டன், வாஷிங்டன், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் நான்கில் எதிலும் ஒன்பது லட்சம் மக்கள்கூட இல்லை. ஆனாலும் நகரமாக நடந்துகொள்பவை.

முதலில் வரி

சம்பளக் கடிதத்தில் இருக்கும் தொகை எல்லா ஊரிலும் ஒரே அளவாகக் கைக்கு வராது. மத்திய வரி எங்கும் ஒன்றே. மாநிலமும் நகரமும் பிடிப்பதுதான் மாறும். மணமாகாதவர், ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் நகரத்துக்குள் குடியிருந்தால் மாநிலமும் நகரமும் சேர்ந்து சுமார் 8,400 டாலர் எடுக்கும். அதில் நகரத்தின் பங்கு மட்டும் சுமார் 3,400. பிலடெல்பியாவில் 6,800 வரை: மாநிலத்துக்கு 3.07 சதவீதம், நகரக் கூலி வரி ஏறக்குறைய 3.75 சதவீதம், இரண்டும் கழிவு ஏதும் இல்லாமல் முழுச் சம்பளத்தின் மேல். வாஷிங்டனில் 5,600-க்குப் பக்கம். கலிபோர்னியாவில் 5,200-உடன் மாநில ஊனக் காப்பீட்டுக்கு இன்னொரு ஆயிரத்துச் சொச்சம். சிகாகோவில் 4,800, பாஸ்டனில் 4,700. சியாட்டிலில் இந்தச் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது.

எல்லாம் தோராயம்தான். ஆனாலும் நியூயார்க்குக்கும் சியாட்டிலுக்கும் இடையே மாதம் 700 டாலர் வித்தியாசம் என்பது வீட்டில் ஒரு படுக்கையறையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

நியூயார்க்

இந்த ஊரின் பெரிய சொத்து ரயில். 472 நிலையங்கள், 24 மணி நேரமும். இரவு மூன்று மணிக்கும் இவ்வளவு பெரிய சுரங்க ரயில் வலை முழுவதும் ஓடுவது அமெரிக்காவில் வேறெங்கும் இல்லாத வசதி. பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் கார் இல்லை. அதனால் கார் இல்லாதவரை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே பகலில் கார் நுழையவே 9 டாலர்.

2026 ஜனவரியிலிருந்து ஒரு பயணம் 3 டாலர். ஏழு நாளில் 35 டாலரைத் தொட்டுவிட்டால் அந்த ஏழு நாள் முடியும்வரை மேற்கொண்டு காசு இல்லை. இதில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். காலையில் போனையும் மாலையில் பர்ஸிலிருக்கும் கார்டையும் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கார்டாக இருந்தாலும் ஓம்னி என்ற கட்டணக் கருவிக்கு அவை இரண்டு பேர். உச்சவரம்பை இரண்டுமே தொடாது. ஏதாவது ஒன்றையே எப்போதும் தட்டுங்கள்.

வாடகைக்கு வீடு பிடிப்பதுதான் பாடு. மன்ஹாட்டனில் புது ஒப்பந்தங்களின் நடுமதிப்பு 2022-இலேயே மாதம் 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர்கள் பொதுவாகக் கேட்பது, மாத வாடகையைப் போல் நாற்பது மடங்கு ஆண்டு வருமானம். ஒரு லட்சம் சம்பளக்காரருக்கு எல்லை 2,500. அதற்கு மன்ஹாட்டனில் கிடைத்தால் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காம் மாடி ஒற்றை அறை. குவீன்ஸிலோ புரூக்ளினின் உள்பகுதியிலோ ஒரு படுக்கையறை கிடைக்கலாம். வருமானம் போதாவிட்டால் ஜாமீன் கையெழுத்துப் போடுபவருக்கு எண்பது மடங்கு வருமானம் இருக்க வேண்டும் என்பார்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லாதவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் உண்டு. புதிதாக வந்து கிரெடிட் வரலாறு இல்லாதவர்கள், "ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தருகிறேன்" என்று பேரம் பேசிப் பார்ப்பதுண்டு. 2019 சட்டப்படி வீட்டுக்காரர் ஒரு மாத டெபாசிட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. மாதக்கணக்கில் முன்பணம் வாங்கவும் கூடாது. அதையும் மீறி வாங்க ஒருவர் ஆர்வமாக இருந்தால், வீடு உண்மையிலேயே அவருடையதா என்று பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது. தரகுக் கூலியை, தரகரை அமர்த்தியவரே தர வேண்டும் என்பது 2025 ஜூன் 11 முதல் விதி. அதற்கு முன்பு, வீட்டுக்காரர் அமர்த்திய ஆளுக்குக் குடிவருபவர் ஓராண்டு வாடகையில் 15 சதவீதம் வரை அழுதுகொண்டிருந்தார்.

விளம்பரத்தில் வாடகை 3,300 என்றிருக்கும். கீழே சிறிய எழுத்தில், "ஒரு மாதம் இலவசத்தைக் கழித்து" என்று இருக்கும். ஒப்பந்தத்தில் எழுதும் தொகை 3,600; பதினொரு மாதம் 3,600 கட்டி, ஒரு மாதம் கட்டாமல் இருந்தால் சராசரி 3,300 வரும். அடுத்த ஆண்டு உயர்வு 3,600-இன் மேல்தான் ஏறும். நாற்பது மடங்குக் கணக்குக்கும் பெரும்பாலும் 3,600-ஐத்தான் எடுப்பார்கள். எனவே தரகரிடம் கேட்க வேண்டியது, "ஒப்பந்தத்தில் என்ன எழுதுவீர்கள்?" என்பதுதான்.

1974-க்கு முன் கட்டிய, ஆறும் அதற்கு மேலும் வீடுகள் கொண்ட கட்டடங்களில் வாடகை நிலைப்படுத்தப்பட்ட வீடுகள் இருக்கும். ஆண்டு உயர்வை நகர வாரியம் நிர்ணயிக்கும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. சமையலறை பழசாக இருந்தாலும் இப்படி ஒரு வீடு கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஐந்தாண்டு இருக்கப் போகிறவருக்கு அதைவிட மலிவான புது வீடு இந்த ஊரில் கிடையாது.

அந்தப் பழைய கட்டடங்களில் நீராவி ரேடியேட்டர் இருக்கும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே 68 டிகிரி, அதாவது 20 செல்சியஸ், இருக்க வேண்டும், இரவில் 62. பல கட்டடங்களில் சூடு அளவுக்கு மீறிப் போய், ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவார்கள். வீடு பார்க்கும்போது ரேடியேட்டரின் அடியில் இருக்கும் வால்வைத் திருகிப் பாருங்கள். நகரவில்லை என்றால் குளிர்காலம் முழுக்கச் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் உங்களுக்கு ஜன்னல்தான். வீட்டுக்குள் துணி துவைக்கும் இயந்திரம் இருப்பது அபூர்வம். சக்கர வண்டியில் துணியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை லாண்டரிக்குப் போக வேண்டும். நான்காம் மாடியிலிருந்து அந்த வண்டியை இறக்கி ஏற்றுவதை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வார இறுதிகளில் தண்டவாள வேலை நடக்கும். ஒரே ஒரு லைனை நம்பியிருக்கும் பகுதியில் சனிக்கிழமை என்பது பஸ் வரிசை. இரண்டு லைன்கள் வெட்டிக்கொள்ளும் நிலையத்தின் பக்கம் வீடு பார்ப்பதற்குக் கூடுதலாக 100, 150 டாலர் தரலாம். ஜாக்சன் ஹைட்ஸில் ரூஸ்வெல்ட் அவென்யூ நிலையம் நல்ல உதாரணம்: மேலே 7, கீழே ஈ, எஃப், எம், ஆர். இந்திய மளிகைக் கடைகள் இரண்டு தெரு தள்ளி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்சி சிட்டி. வேலை மன்ஹாட்டனில், குடியிருப்பது இங்கே என்றால் நியூயார்க் மாநில வரி உண்டு, நகர வரி இல்லை. அந்த 3,400 டாலர் கையில் நிற்கும். மன்ஹாட்டனுக்குப் போகும் பாத் ரயிலும் 24 மணி நேரம் ஓடுகிறது. ஜர்னல் ஸ்கொயரில் இறங்கினால் நியூவார்க் அவென்யூ முழுக்க நம் ஊர்க் கடைகள். ஆனால் பாத்துக்கும் சுரங்க ரயிலுக்கும் தனித்தனிக் கட்டணம். மன்ஹாட்டனின் கீழ்க்கோடியில் அலுவலகம் என்றால் லாபம்; மத்திய மன்ஹாட்டனைத் தாண்டி மேலே போக வேண்டும் என்றால் தினமும் இரண்டு டிக்கெட். நியூயார்க்கின் தரகு விதி இங்கே செல்லாது. டெபாசிட்டும் ஒன்றரை மாதம் வரை கேட்கலாம்.

சிகாகோ

பட்டியலில் எங்களுக்கு மிகவும் நியாயமாகப் படும் ஊர் இது. மன்ஹாட்டன் ஒற்றை அறைக்குத் தரும் 2,500-க்கு இங்கே சிவப்பு ரயில் லைன் பக்கத்தில் நல்ல ஒரு படுக்கையறை வீடு, பழைய மூன்றடுக்கு வீடாக இருந்தால் இரண்டு படுக்கையறைகூடக் கிடைக்கும். நகர வருமான வரி கிடையாது. கிழக்கே ஏரி, அதன் கரையோரம் 18 மைலுக்கு நடைபாதையும் சைக்கிள் பாதையும். விற்பனை வரி மட்டும் 10 சதவீதத்துக்கு மேல், நாட்டின் பெரிய நகரங்களில் உச்சியில் இருப்பவற்றில் ஒன்று.

எல் என்று அழைக்கும் ரயிலில் எட்டு லைன்கள். சிவப்பும் நீலமும் மட்டும் இரவு முழுக்க ஓடும். ஓஹேர் விமான நிலையத்துக்கு நீலம், மிட்வேக்கு ஆரஞ்சு. மஞ்சள் தவிர எல்லா லைன்களும் நடுநகரத்தை நோக்கியே போகின்றன. அதனால் வடமேற்கிலிருந்து வடகிழக்குக்குப் போக ரயிலை நம்பினால் நடுநகரம் போய்த் திரும்ப வேண்டும், அதற்குப் பஸ்தான். வெஸ்டர்ன், ஆஷ்லண்ட், பெல்மான்ட் போன்ற நேர்ச்சாலைகளில் பஸ் நேர்கோட்டில் ஓடுகிறது.

இந்த ஊரின் முகவரியே ஒரு வரைபடம். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டும் இடம் பூஜ்யம். அங்கிருந்து 800 எண்ணுக்கு ஒரு மைல். பெல்மான்ட் சாலை 3200 வடக்கு என்றால் நான்கு மைல் வடக்கே. ஆஷ்லண்ட் 1600 மேற்கு என்றால் இரண்டு மைல் மேற்கே. வீட்டு விளம்பரத்தில் கதவு எண்ணைப் பார்த்தாலே ஏரியிலிருந்தும் ரயிலிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். தெற்கில் மட்டும் முதல் மூன்று மைல் இந்தக் கணக்குக்கு அடங்காது.

வீட்டு வகைகளில் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் எழும் செங்கல் கட்டடங்களில் பெரும்பாலும் ரேடியேட்டர். சூடாக்கும் செலவு வாடகையிலேயே அடங்கும். தனி ஃபர்னஸ் வைத்த வீடுகளில் எரிவாயு பில் உங்களுடையது. அப்படியானால் சராசரி வெப்பச் செலவை எழுத்தில் தர வேண்டும் என்பது நகர விதி, கேட்டு வாங்குங்கள். "கார்டன் யூனிட்" என்ற அழகான பெயரைப் பார்த்துத் தோட்டத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். பாதி தரைக்குக் கீழே இருக்கும் வீடு அது. வாடகை குறைவு, கோடை மழையில் தண்ணீர் ஏறும் வாய்ப்பு அதிகம். சுவரின் அடிப்பகுதியில் புதுப் பெயின்ட் பட்டை மட்டும் தனியாகத் தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

டெபாசிட்டுக்கு வட்டி, ரசீது, தவறினால் இரு மடங்கு அபராதம் என்று நகரச் சட்டம் கறாராக இருப்பதால், பல வீட்டுக்காரர்கள் டெபாசிட்டே வாங்குவதில்லை. அதற்குப் பதில் சில நூறு டாலர் குடியேறும் கட்டணம் என்று வாங்குவார்கள். திரும்ப வராத பணம் அது. ஆனாலும் கையிருப்பு குறைவாக வந்து இறங்குபவருக்கு இது சௌகரியம்.

குளிரைச் சொல்லாமல் முடியாது. 2019 ஜனவரி 30 அன்று மைனஸ் 23 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 31 செல்சியஸ். அப்படிப்பட்ட நாள் ஆண்டுதோறும் வராது. தினசரி உறுத்துவது நவம்பர் முதல் மார்ச் வரை நடைமேடையில் காற்றில் நிற்பது. எல் நடைமேடைகளில் வெப்ப விளக்குகள் உண்டு. குளிர்காலத்தில் எல்லோரும் அதன் அடியில்தான் குவிவார்கள். நிலையத்திலிருந்து 12 நிமிட நடை என்பது ஜூனில் ஒரு தூரம், பிப்ரவரியில் வேறொரு தூரம். இந்த ஊரில் ஏழு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.

பாஸ்டன்

ஊர் சின்னது, நடக்க இனிமையானது. அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் 1897-இல் ஓடியது இங்கேதான். படிப்பு, மருந்து ஆராய்ச்சி, மருத்துவம் இவற்றில் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம். மற்றவர்களுக்கு, சிகாகோவைவிட மிகக் கூடுதலான வாடகைக்குச் சிகாகோவைவிடச் சின்ன ஊர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே எல்லாமே செப்டம்பர் 1. கல்லூரிகள் நிறைந்த ஊர் என்பதால் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் 31-இல் முடிந்து மறுநாள் தொடங்குகின்றன. பழைய வீட்டை மதியத்துக்குள் காலி செய்ய வேண்டும், புது வீடு மறுநாள் காலைதான் கிடைக்கும். நடுவில் ஓர் இரவு சாமானோடு லாரியிலேயே கழிப்பவர்கள் உண்டு. வாடகை லாரியை ஜூலையிலேயே பிடித்துவிடுங்கள். வாசலில் லாரி நிறுத்த நகரத்திடம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஸ்டாரோ டிரைவ் சாலைக்குள் மட்டும் லாரியோடு நுழையக் கூடாது. அங்கே பாலங்கள் தாழ்வு; ஆண்டுதோறும் யாராவது லாரியின் கூரையை டப்பா மூடி மாதிரி உரித்துக்கொள்கிறார்கள்.

மாசசூசெட்ஸில் குடியேறும் முன் வீட்டுக்காரர் கேட்கக் கூடியவை நான்கே: முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஒரு மாத டெபாசிட், பூட்டுச் செலவு. 2,800 டாலர் வீடு என்றால் கையில் 8,400 வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல் தரகுக் கூலி, தரகரை அமர்த்தியவர் தலையில். ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் ஈயப் பெயின்டை அகற்றித் தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. குழந்தை இருக்கிறது என்பதற்காக வீடு மறுப்பது சட்டவிரோதம். அப்படியும் குழந்தை என்றதும் பதில் வராமல் போவது நடக்கிறது.

டீ என்று அழைக்கும் ரயில் இரவு ஒரு மணி வாக்கில் நின்றுவிடும். வார இறுதியில் சற்று நீளும். 2015 பனிக்காலத்தில் 110 அங்குலம் பனி கொட்டி ரயில் பல நாள் முடங்கியது. பிறகு பல ஆண்டு தண்டவாளக் கோளாறால் ஆமை வேகத்தில் போன பகுதிகளை 2024 முடிவதற்குள் சரிசெய்தார்கள். கேம்பிரிட்ஜ், சாமர்வில் பக்கம் சிவப்பு லைனை ஒட்டி வீடு கிடைத்தால் பாஸ்டனில் நகர வாழ்க்கை முழுமையாகக் கிடைக்கும்.

பிலடெல்பியா

வாடகையை மட்டும் பார்த்தால் கிழக்குக் கரையில் இதை அடிக்க ஆளில்லை. நடுநகரத்தில் வேலை, தென் பிலடெல்பியாவில் வீடு என்றால் பல பேர் நடந்தே போகிறார்கள். ஒட்டு வீடுகள், மூலைக்கு மூலை கடைகள், 1893-இலிருந்து நடக்கும் ரீடிங் டெர்மினல் சந்தை. டிரினிட்டி என்றொரு வீட்டு வகை இங்கே பழசு: மாடிக்கு ஓர் அறையாக மூன்று மாடி, நடுவே சுருள் படிக்கட்டு. படத்தில் பார்க்கக் கொள்ளை அழகு. பெரிய கட்டிலும் சோபாவும் அந்தப் படியில் ஏறாது. படிக்கட்டின் அகலத்தை அளக்காமல் பர்னிச்சர் வாங்கிவிட்டு ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஏற்றுவார்கள்.

குறை இரண்டு. ஒன்று முன்பே சொன்ன கூலி வரி. இன்னொன்று செப்டா என்ற போக்குவரத்து அமைப்பின் பணத் தட்டுப்பாடு. 2025 ஆகஸ்ட் கடைசியில் 32 பஸ் தடங்களை நிறுத்தி, சில வாரத்தில் நீதிமன்ற உத்தரவால் திரும்ப ஓட்டினார்கள். மராமத்துக்கு வைத்திருந்த நிதியை எடுத்து இரண்டாண்டுக்கு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். எனவே பஸ்ஸை நம்பி வீடு எடுக்க வேண்டாம். எல், பி என்ற இரண்டு ரயில் லைன்களின் பக்கமோ, நடந்து போகும் தூரத்திலோ எடுங்கள்.

வாஷிங்டன், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில்

வாஷிங்டனில் மெட்ரோ சுத்தம், நிலையங்கள் விசாலம், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு டிக்கெட்டே இல்லை. 1910-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டட உயரத்தைக் கட்டுப்படுத்துவதால் தெருவில் வெளிச்சம் உண்டு. இரவுப் பரபரப்பு குறைவு. கட்டணம் தூரத்தைப் பொறுத்து. இங்கே விசேஷம் எல்லைக்கோடு. வாஷிங்டன் (கொலம்பியா மாவட்டம்), பக்கத்து மாநிலங்களான வர்ஜீனியா, மேரிலாந்து மூன்றிலும் சம்பள வரி நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குத்தான், வேலை செய்யும் இடத்துக்கு இல்லை. வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ராஸ்லினிலிருந்து பால்ஸ்டன் வரை மெட்ரோவின் மேலேயே வரிசையாக அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. குடும்பத்தோடு வருபவர்களுக்கு அது பொருத்தம்.

சான் பிரான்சிஸ்கோவில் முதலில் பார்க்க வேண்டியது மேகம். ஒரே நாளில் சன்செட் பகுதியில் பனிமூட்டம், மிஷனில் வெயில். ஜூலையில் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும் என்பதை யாரும் நம்புவதில்லை. 1979 ஜூன் 13-க்கு முன் கட்டிய அடுக்குமாடி என்றால் ஆண்டு வாடகை உயர்வு விலைவாசி உயர்வில் 60 சதவீதத்தைத் தாண்டாது. பழைய கட்டடத்தில் நீண்ட நாள் இருப்பவருக்குத்தான் இந்த ஊர் கட்டுப்படியாகும். வேலை நகரத்துக்குள்ளே இருந்தால் அருமை. தெற்கே சிலிக்கான் பள்ளத்தாக்கின் மவுன்டன் வியூவில் என்றால் 2024 செப்டம்பரிலிருந்து மின்சாரத்தில் ஓடும் கால்ட்ரெய்ன் இருக்கிறது. ஆனால் வீடு அதன் நிலையத்தருகே இல்லாவிட்டால், ரயிலைப் பிடிக்க இன்னொரு பயணம் என்று ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டிவிடும். பே பாலத்துக்கு அப்பால் ஓக்லண்டும் பெர்க்லியும் வாடகை குறைவு, பார்ட் ரயிலில் நேரே வந்துவிடலாம். நள்ளிரவு வாக்கில் பார்ட் நிற்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

சியாட்டிலில் லிங்க் ரயில் 2009-இல்தான் தொடங்கியது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் 3 டாலர். கேபிடல் ஹில், யூ டிஸ்ட்ரிக்ட், ரூஸ்வெல்ட் நிலையங்களைச் சுற்றிக் கார் தேவைப்படாது. அவற்றை விட்டு விலகினால் பஸ்தான். விளம்பர வாடகையோடு தண்ணீர், சாக்கடை, குப்பைக்குத் தனி பில் வரும். கட்டடம் மொத்தத்துக்கும் வரும் பில்லை ஆள் எண்ணிக்கைப்படி பிரித்துவிடுவார்கள். மாதச் சராசரியைக் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை 4:20-க்குச் சூரியன் போய்விடும். பழைய வீடுகளில் ஏ.சி. இருக்காது, 2021 ஜூன் 28 அன்று 108 பாரன்ஹீட் அடித்தபோது ஊரே மின்விசிறிக்கு அலைந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் பற்றி ஒரு வரி: கொரியாடவுனில் பி, டி ரயில் லைன்களை ஒட்டி, வேலையும் அதே லைனில் அமைந்தால் கார் இல்லாமல் வாழலாம், இல்லாவிட்டால் முடியாது. வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருக்காது என்ற பழைய வழக்கம், 2026-இல் தொடங்கும் ஒப்பந்தங்களிலிருந்து கலிபோர்னியா சட்டத்தால் மாறுகிறது.

தமிழ்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை

கார் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வேலை இல்லை, வார இறுதி. சிகாகோவின் பாலாஜி கோயில் அரோராவில், பாஸ்டனின் லட்சுமி கோயில் ஆஷ்லண்டில், சான் பிரான்சிஸ்கோக்காரர்களுக்கு லிவர்மோர், வாஷிங்டனுக்கு லான்ஹம். எல்லாம் புறநகர். தமிழ்ப் பள்ளிகளும் உறவினர் வீடுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே. நியூயார்க் மட்டும் விதிவிலக்கு: 1977-இல் குடமுழுக்கு கண்ட ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு 7 ரயிலின் கடைசி நிலையத்திலிருந்து இருபது நிமிடம் நடந்தால் போதும், கீழ்த்தளத்து கேண்டீனில் தோசையும் உண்டு. மற்ற ஊர்களில் மாதம் இரண்டு முறை மணிக்கணக்கு வாடகைக் கார் எடுத்தால் சமாளிக்கலாம். வாராவாரம் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு விட வேண்டும் என்றால் ஒரு கார் வந்தே தீரும். அப்போது பார்க்கிங் கொண்ட வீடு என்ற இன்னொரு செலவும் கூட வரும்.

கையெழுத்துக்கு முன்

வீட்டு முகவரியையும் அலுவலக முகவரியையும் வரைபடச் செயலியில் போட்டு மூன்று முறை பாருங்கள்: செவ்வாய் காலை 8:45-க்கு அலுவலகம் சேரும்படி, வெள்ளி இரவு 11:30-க்கு வீடு திரும்பும்படி, ஞாயிறு காலை பத்து மணிக்கு மளிகைக் கடைக்கு. முதலாவது 40 நிமிடத்தைத் தாண்டினாலோ, இரண்டாவதில் ஒன்றுக்கு மேல் மாறுதல் இருந்தாலோ அந்த வீடு வேண்டாம். மளிகைக் கடை பத்து நிமிட நடையில் இல்லையென்றால், ஐந்து கிலோ அரிசி மூட்டையோடு பஸ்ஸில் நின்று வருவதை யோசித்துப் பாருங்கள். அலுவலகம் போக்குவரத்துச் செலவை வரிக்கு முன் சம்பளத்திலிருந்து கழிக்கும் வசதி தருகிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். 2026-இல் மாதம் 340 டாலர் வரை அப்படிக் கழிக்கலாம்.

முடிந்தால் முதல் மாதம் உள்வாடகைக்கு ஓர் அறையில் தங்கி, பிறகு ஓராண்டு ஒப்பந்தம் போடுங்கள். பார்க்காத வீட்டுக்கு வங்கிப் பரிமாற்றத்தில் டெபாசிட் அனுப்பாதீர்கள். வீடு பார்க்கப் போகும் நேரமாக மாலை ஏழு மணியைக் கேளுங்கள். அக்கம்பக்கத்துச் சத்தமும் மேல்மாடிக் காலடியும் அப்போதுதான் கேட்கும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறைக் குழாயையும் திறங்கள். தண்ணீர் எந்த அளவுக்குக் குறைகிறது என்று பாருங்கள்.

இருபத்தைந்து வயது, தனி ஆள், இரவு ஊர் வேண்டும்: நியூயார்க், அறைத்தோழர்களோடு. புதிதாக மணமானவர்கள், சேமிக்கவும் வேண்டும், நகரமும் வேண்டும்: சிகாகோ, குளிரே ஆகாது என்றால் பிலடெல்பியா, ரயில் பக்கத்தில். பள்ளிப் பிள்ளைகளோடு வருபவர்கள்: ஆர்லிங்டன். சம்பளம் நன்றாக இருந்து, வேலை மென்பொருளில் என்றால் சியாட்டிலைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு முன் பாருங்கள். வரியில் மிச்சமாகும் பணத்தில் ரயில் நிலையத்துக்கு இரண்டு நிமிடத்தில் வீடு எடுக்கலாம்.